பிடித்தது ஒன்று, குமட்டியது ஒன்று

விருத்தாசலம்
20.01.2025

அன்புள்ள மதிவதனிக்கு,

நலம். நீ சென்னை போய்ச் சேர்ந்ததற்கு ஒரு வரி கிடையாது. போனில் லிங்க் அனுப்பினால் ரசனை கெட்டுப்போகும், கடிதத்தில்தான் பேச வேண்டும் என்று காலேஜில் சத்தியம் வாங்கியவள் நீ. சரி, வழக்கப்படி என் லிஸ்ட்.

குமட்டியது: பொங்கலுக்கு நீ கொடுத்த நாவல். பக்கத்துக்குப் பக்கம் மழை, காபி, ஜன்னல். அந்தக் கதாநாயகி ஒரு நாளாவது பாத்திரம் தேய்த்தாளா? வேப்பூர் பஸ்ஸில் நாற்பது பக்கம் படித்தேன். வாந்தி வந்தது பஸ்ஸாலா புத்தகத்தாலா தெரியவில்லை.

பிடித்தது: உங்கள் பேண்டின் முதல் பாட்டு. ஒருத்தி துணி மடித்துக்கொண்டே தனக்காகப் பாடுவது போல இருக்கிறது. வேலை நேரத்தில் பேக்கிங் செக்‌ஷனில் ஒரு காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு கேட்கிறேன்.

அப்பா உன்னை விசாரித்தார். பீங்கான் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் கல்மாவு அரைத்த தூசி நெஞ்சில் உட்கார்ந்ததிலிருந்து, யார் வந்தாலும் உள்ளே போய்விடுவார். இருமல் வெளியே கேட்காமல் டிவியைச் சத்தமாக வைத்துக்கொள்வார். பொங்கலுக்கு நீ வந்தபோது உனக்காகத்தான் சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பீங்கான் ஃபியூஸ் கேரியரைத் தட்டி, கணீரென்றால் நல்ல சரக்கு, டொக்கென்றால் விரிசல் என்று உன் மைக்கில் காட்டினாரே, இன்னும் அதே பேச்சுதான். அதை வைத்து நீ செய்கிற புதுப் பாட்டு எப்போது வருமென்று கேட்கிறார்.

அன்புடன்,
வேல்விழி

சென்னை
02.03.2025

அன்பு வேலு,

கோபிக்காதே, ரெக்கார்டிங்கில் தலை நிமிரவில்லை. பத்தாம் தேதி பாட்டு வருகிறது. அப்பா தட்டியதுதான் முழுத் தாளம். ‘பழமலை, விருத்தாசலம்’ என்று அவர் பெயரும் போடுகிறோம்.

குமட்டியது: என் ரூமில் இருக்கும் பூங்கோதை பார்க்கிற பாட்டுப் போட்டி. நடுவர்கள் அழுவதற்கென்றே கண்ணுக்கு மை போட்டு வருகிறார்கள். பிடித்தது: உன் வாய். இங்கே எதைக் கொடுத்தாலும் சூப்பர் என்கிறார்கள். கேட்டுவிட்டு நீ குமட்டவில்லை என்று சொல், எனக்கு அது போதும்.

உன்,
மதி

விருத்தாசலம்
18.03.2025

மதிவதனிக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எதிர்வீட்டு ராஜமாணிக்கம் மாமாவையும் கூப்பிட்டிருந்தார். டிவியை நிறுத்திவிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். தட்டும் சத்தம் வந்ததும் சிரித்தார். இரண்டாவது நிமிஷத்தில் அடியிலிருந்து இன்னொரு சத்தம், இழுத்து இழுத்து. அந்த நேரம் பார்த்து அப்பாவுக்கு இருமல் வந்துவிட்டது. பாட்டில் இருந்ததும் வீட்டுக்குள் கேட்டதும் ஒரே சத்தம்.

அப்பா என்னைப் பார்த்து, “ஏம்மா, இது நானா?” என்று கேட்டார்.

மாமா டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வேலை இருக்கிறது என்று எழுந்து போனார். அப்பா டிவியைப் போட்டுக்கொண்டார். இப்போது முன்னைவிடச் சத்தம்.

தட்டிக் காட்டத்தான் அவர் வந்து உட்கார்ந்தார். இருமும்போது மைக்கை அணைக்க உனக்குக் கை இல்லையா? பிறகுதான் கமெண்ட்டெல்லாம் படித்தேன். ‘அந்த இருமல் செம வைப்’ என்று ஒருவன் எழுதியிருக்கிறான், நீ அதற்கு ஹார்ட் போட்டிருக்கிறாய். அருவருப்பாக இருக்கிறது. அதை எடுத்துவிடு மதி. பாட்டுக்குத் தட்டல் போதும்.

வேல்விழி

சென்னை
01.04.2025

அன்பு வேலு,

நீ திட்டியதை மூன்று தடவை படித்தேன். ஆனால் எடுக்க முடியாது. தட்டல் மட்டும் இருந்தால் பாட்டு அழகாக இருக்கும், அவ்வளவுதான். அந்த இருமல்தான் அதன் உயிர். கேட்கிறவர்கள் அழுகிறார்கள் தெரியுமா? மழையும் காபியும் குமட்டுகிறது என்றவளுக்கு, நிஜத்தைக் கொடுத்தால் அதுவும் ஏன் குமட்டுகிறது?

அப்பாவுக்கு ஒரு டிஷர்ட் அனுப்பியிருக்கிறேன். நெஞ்சில் இருக்கும் கோடு அந்த இருமல் சத்தத்தின் அலை. எங்கள் நிகழ்ச்சிக்கு எல்லோரும் அதைத்தான் போட்டுக்கொண்டு வருகிறார்கள்.

உன்,
மதி

விருத்தாசலம்
12.04.2025

மதிவதனிக்கு,

டிஷர்ட் வந்தது. அடுப்பில் போடலாம் என்று எடுத்தேன், அதற்குள் அப்பா வாங்கிப் பிரித்துவிட்டார். “மலையாட்டம் கோடு போட்டிருக்குது பாரு. அந்தப் பொண்ணு நம்மள மறக்கல” என்றார். துணி மெத்தென்று இருக்கிறதாம், ஆஸ்பத்திரிக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறார். அது என்ன கோடு என்று நான் சொல்லவில்லை. நீயும் சொல்லிவிடாதே. இங்கே வரவும் வேண்டாம், கடிதமும் வேண்டாம்.

நீ கேட்டதற்காகக் கடைசி லிஸ்ட்.

பிடித்தது: உன் பாட்டின் இரண்டாவது நிமிஷம். வந்த அன்றைக்கே பேக்கிங் செக்‌ஷனில் கேட்டுவிட்டேன். யாரோ மூட்டை இழுக்கிற சத்தம் என்று நினைத்தேன். அந்த இடத்தை மட்டும் ஏழு தடவை ஓட்டி ஓட்டிக் கேட்டேன். பக்கத்து டேபிள் அன்புக்கரசிக்கும் ஒரு காதில் மாட்டிவிட்டு, இதைக் கேளு என்றேன்.

குமட்டியது: அன்புக்கரசி நேற்று வீட்டுக்கு வந்திருந்தாள். கரண்ட் இல்லாததால் டிவி ஓடவில்லை. உள்ளே அப்பா இருமினார். அவள் காதைத் திருப்பி, “அந்தப் பாட்ட இன்னமுமா கேக்குற?” என்றாள்.

ஆமாம் என்று சொன்னேன்.

வேல்விழி