நீல ஐசிக்காரி

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே புகைமூட்டம். துணி காயவில்லை. தொண்டையில் கரகரப்பு.

என் லோயர் பெண் போன் செய்தாள். வியாழன் காலை ஒன்பது, கோலா குபு பாரு கோர்ட். விசாரணைக்கு முன்னால் நீதிபதி எங்கள் இரண்டு பேரையும் ஓர் அறையில் உட்கார வைத்துப் பேசிப் பார்ப்பாராம். ஒத்துவராவிட்டால்தான் கேஸ் நடக்கும்.

"யார்கூட பேசறது? அவகூடயா?"

"உங்க அக்காதானே லா, ஆன்ட்டி."

அக்காவாம். கூடப்பிறந்த தங்கச்சியை வீட்டைக் காலி செய் என்று கோர்ட்டுக்கு இழுத்தவள். கமலம் என்று முழுப் பேர் எழுதவும் கை வரவில்லை. இனி இந்த நோட்டில் அவள் வெறும் க.

கொண்டு போக வேண்டியவை: ஐசி (அடையாள கார்டு). கரண்ட் பில்கள். அப்பாவின் ஆஸ்பத்திரி கார்டு, மருந்துச் சீட்டுகள் (நான் அவரைப் பார்த்துக்கொண்ட பத்து வருஷத்துக்கு உள்ளது, பிஸ்கட் டின்னில்). குடை.

வீட்டுக் கிரான் பத்திரத்தில் க. பேர் மட்டும்தான். அப்பா உழைத்து வாங்கிய வீடு. எஸ்டேட்டை விற்றபோது தொழிலாளிகளுக்கு மலிவு விலைக்குக் கொடுத்தது. அப்பாவுக்குச் சிவப்பு ஐசி, பிரஜை இல்லை. அம்மாவுக்கும் அதே. இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத்தான் நீலம். "நீல ஐசி யாருகிட்ட இருக்கு? அவங்க பேர்ல போட்டுக்க" என்று எஸ்டேட் ஆபீஸ் கிராணி சொல்ல, எங்கள் லயத்தில் பாதிப் பேர் மூத்த பிள்ளை பேரில் போட்டார்கள். க.வுக்கு அப்போது பதினெட்டு. எனக்குப் பன்னிரண்டு. ஆறு வருஷம் முன்னால் பிறந்ததுதான் அவள் செய்த சாதனை.

அப்பா போய் ஒரு வருஷம். இப்போது அவள் மகனுக்குக் கல்யாணமாம். வீடு வேண்டுமாம்.

ஜூலை 8, செவ்வாய்

பேக்டரியில் நாள் முழுக்க பெட்டி மடித்தேன். நினைப்பெல்லாம் க. என்ன சேலை கட்டி வருவாள் என்பதில். வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அதே நினைப்பு.

சூப்பர்வைசர் கேட்டார், வியாழன் எதற்கு லீவு என்று. பல் வலி என்றேன்.

சின்ன வயசில் அப்பா மாசத்துக்கு ஒருமுறை அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிக் கோலா குபு பாருவுக்குப் போவார். அவளுக்குப் பவுடர், ரிப்பன், நல்ல கவுன். நான் கதவைப் பிடித்துக்கொண்டு அழுவேன். சாயங்காலம் எனக்கு ஒரு காயா ஜாம் ரொட்டி வரும். அவள் நாக்கு மட்டும் சிரப் ஊற்றிய ஐஸ் கச்சாங் தின்று சிவந்திருக்கும். வேண்டுமென்றே நீட்டிக் காட்டுவாள். நாற்பத்தைந்து வயசாகியும் அந்த நாக்கை மறக்க முடியவில்லை.

கிரானில் அவள் பேர் வந்தது நீல ஐசியால் மட்டுமா? அப்பாவுக்கு அவள்தான் உசத்தி. அதுதான் விஷயம்.

ஜூலை 9, புதன்

தலைக்குச் சாயம் போட்டேன். காதோரம் கறுத்துவிட்டது, சோப்புப் போட்டும் போகவில்லை. அவளைவிட இளையவள், அவளைவிட நரை.

பூனைக்கு நெத்திலி வாங்க மறந்தேன்.

ஜூலை 10, வியாழன்

மழை. க. மகன் காரில் வந்து இறங்கினாள். ஊதாச் சேலை. கையில் தடிமனாக ஒரு ஃபைல். அவள் லோயர் கதவைத் திறந்துவிட்டார். எனக்குக் குடை மடங்கவில்லை.

சின்ன அறை, நீள மேசை. நீதிபதி மலாய்க்கார அம்மா. கறுப்புக் கோட்டு இல்லை, சாதாரண பாஜு குரோங் உடுப்பு. சொன்னார்: பத்திரத்தில் பேர் இருந்தால் மட்டும் முடிந்துவிடாது. யார் உழைத்து வாங்கினார், ஏன் அந்தப் பேரில் போட்டார், அதையும் கோர்ட் பார்க்கும். ஆனால் சும்மா சொன்னால் போதாது, ஆதாரம் வேண்டும். கடைசியில் ஒருத்தி ஜெயிப்பீர்கள். அப்புறம் தீபாவளிக்கு யார் வீட்டுக்கு யார் போவீர்கள்?

ஆதாரம்! என்னிடம் இருந்ததெல்லாம் மருந்துச் சீட்டு. வீடு அப்பாவுடையது என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம் இல்லை. வாயில் வந்ததைக் கொட்டிவிட்டேன், தமிழிலேயே.

"எல்லாம் ஒனக்குத்தானே! ஊர் சுத்தக்கூட ஒன்னத்தானே கூட்டிட்டுப் போனாரு!"

"ஊர் சுத்தவா?" க. ஃபைலைத் திறந்தாள். "மேடம், அதக் காட்டாதீங்க" என்றார் அவள் லோயர். அவள் கேட்கவில்லை. பழுப்பேறிய பாரங்களை மேசைமேல் பரப்பினாள். அப்பாவின் பிரஜா உரிமை விண்ணப்பப் பாரங்கள். எல்லாம் அவள் கையெழுத்து, பள்ளிக்கூடத்துக் கோழிக்கிறுக்கல். வீடு வாங்கிய பிறகு எழுதிய ஒன்றில் இருந்தது: சொந்த வீடு உண்டு, மகள் பேரில்.

"அப்பாவுக்கு மலாய் எழுதத் தெரியாது. அந்த ஊரு ஆபீஸ் வரிசையில நின்னு நான்தான் எழுதுவேன். ஒவ்வொரு தடவையும் இல்லேன்னு திரும்பி வரும். வெளிய வந்ததும் எனக்கு அழுகையா வரும். அழாதே ஆயின்னு ஐஸ் கச்சாங் வாங்கித் தருவாரு. அவரு சாப்பிட மாட்டாரு."

பாரங்களை என் பக்கம் தள்ளினாள்.

"ஒனக்குப் பத்து வருஷம் அப்பா கெடச்சாரு. எனக்குக் கெடச்சது வரிசையில நின்னதுதான்டி."

வீடு அப்பாவுடையது என்று அவள் கையாலேயே எழுதியிருக்கிறாள்; அவள் கேஸை அவளே கெடுத்துக்கொண்டாள். எனக்குச் சந்தோஷம் வரவேண்டும். பாரத்தில் அப்பா கைநாட்டுக்குப் பக்கத்தில் அவள் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அங்கே நான் இல்லை. ஒன்றில்கூட இல்லை.

ஜூலை 14, திங்கள்

வெயில். பூனை வாந்தி.

மறுபடி கோர்ட். சமரசம். வீட்டில் ஆளுக்குப் பாதி, கிரானில் இரண்டு பேர் பேரும். நான் உயிரோடு இருக்கும்வரை இங்கேயே இருக்கலாம். இரண்டு பேரும் ஒப்பாமல் விற்க முடியாது. அவள் மகன் சுங்கை சோவில் வாடகைக்குப் பார்க்கிறானாம்.

லோயர் பெண் வாசித்துக் காட்டினாள். முதலில் கமலம், அடுத்து நான். மூத்தவர் பேர்தான் முதலில் வருமாம். இங்கேயும் இரண்டாவதுதானா என்று வயிறு எரிந்தது. வாயைத் திறந்தேன். கேட்டே விடுவது என்று.

அதற்குள் அக்கா பேனாவை மூடினாள்.

"தங்கச்சி பேர மொதல்ல போடுங்க லா."

போட்டார்கள். என் பேர் முதலில். கீழே அவள் பேர்.

இதிலேயும் அவளே முந்திக்கொண்டாள்.