ட்ரேயின் அடியில் என் அம்மாவின் பெயர்

ஓரத் துண்டுக்குச் சண்டை போடும் என் பூர்ணிக்கு,

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஓவனைத் திறந்ததும் வழக்கம்போல உனக்கென்று ஒரு மூலையை வெட்டப் போனேன். கத்தியை வைத்த பிறகுதான் நீ செத்துப்போனது ஞாபகம் வந்தது. உடனே, நீ செய்ததும் ஞாபகம் வந்தது. முதல் விஷயத்துக்கு அழுகை வருகிறது. இரண்டாவதை நினைத்தால் வந்த அழுகையும் நின்றுவிடுகிறது.

உன் தோளைப் பிடித்து உலுக்கி ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். கேட்க நீ இல்லை. அதனால்தான் எழுதுகிறேன், நாலு பேர் படிக்கிற இடத்திலேயே. உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் முதலிலிருந்து சொல்கிறேன். நீ யாரிடமும் சொல்லாத கதை அல்லவா இது?

மறைமலை நகர் பக்கத்து ஹோட்டலில் நாம் இருவரும் காலை டிபன் பிரிவில் வேலைக்கு நின்றோம். கார் கம்பெனிக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்காக அங்கே ஒரு பண்டம் உண்டு. முந்தின நாள் ப்ரெட்டைத் துண்டு போட்டு, பாலும் முட்டையும் சர்க்கரையும் கலந்து ஊற்றி, ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் ஊறவிட்டு, காலையில் ட்ரேயோடு ஓவனில் வைப்பது. பிரெஞ்சு டோஸ்ட் கேசரோல் என்று அட்டையில் எழுதியிருப்பார்கள். மேலே மொறுமொறுவென்று, உள்ளே குழந்தைக் கன்னம் மாதிரி இருக்கும். நமக்கு அது ப்ரெட் பேக்.

ஹோட்டலில் ஆளைக் குறைத்தபோது நம் இருவரையும் சேர்த்தே அனுப்பினார்கள். திரும்பி வரும் ரயிலில், கூடுவாஞ்சேரி தாண்டும்போது நீதான் சொன்னாய். “அழுதது போதும் ஜெனி. நீ நல்லா செய்வ, நான் நல்லா பேசுவேன். எங்க அபார்ட்மெண்ட்ல ஞாயித்துக்கிழமை ஒருத்தர் வீட்லயும் டிபன் செய்ய மாட்டாங்க டி. ப்ரெட் பேக் போடுவோம்.”

போட்டோம். ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்புக்குப் பின்னால், காலனியில், என் வீட்டு ஒற்றை அறைச் சமையலில் போட்டோம். ஹோட்டல்காரர்கள் ஊற்றும் பாகை விட்டுவிட்டு நான் வெல்லப்பாகு காய்ச்சினேன். பட்டைத்தூளுக்குப் பதில் ஏலக்காய், மேலே தேங்காய்த் துருவல். முதல் ட்ரே வெந்ததும் நீ மூலைத் துண்டைப் பிய்த்து வாயில் போட்டு, நாக்கு சுட்டுக் குதித்தாயே. அந்த வாரமே ட்ரே போதவில்லை.

தாம்பரம் மார்க்கெட்டில் ஆழமான எவர்சில்வர் ட்ரேக்கள் வாங்கப் போனோம். என் அம்மாவும் வந்தாள். கடைக்காரர் பேர் வெட்டும் மெஷினை எடுத்ததும் அம்மா தன் பெயரைச் சொன்னாள். ச. ரோஸ்லின். உன் முகம் ஒரு மாதிரி ஆனது. “நம்ம பிராண்ட் பேர் போடலாமே ரோஸ்லினம்மா?” என்றாய்.

“பிராண்டு கிராண்டெல்லாம் நீ அட்டைல போட்டுக்க. பாத்திரம் நாலு வூட்டுக்குப் போவுது. திரும்பி என் வூட்டுக்கு வர்ணும்னா என் பேர்தான் இருக்கணும்” என்றாள் அம்மா. நீ சிரித்தாய். நானும் சிரித்தேன்.

சனிக்கிழமை சாயங்காலமானால் நீ எங்கள் வீட்டில்தான் இருப்பாய். கேஸ் சிலிண்டர் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்து ப்ரெட் வெட்டுவாய். ஃப்ரிட்ஜைத் திறந்து, “மீனு, ப்ரெட்டு, மூட்டுவலித் தைலம், எல்லாரும் ஒத்துமையா இருக்காங்க டி இங்க” என்பாய். வெட்டி முடிந்ததும் தட்டை நீட்டுவாய், அம்மாவின் கருவாட்டுக் குழம்புக்கு.

“இன்னா பூர்ணி, உங்க வூட்ல சோறு போடலியா? வாரா வாரம் இங்கியே வந்து குந்திக்கினு கீற.”

“எங்க வீட்ல இந்தக் காரம் கிடைக்காது ரோஸ்லினம்மா. இன்னொரு கரண்டி ஊத்துங்க.”

என் தட்டில் கைவிட்டுச் சாப்பிட்டவள் நீ. அதனால்தான் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

ஞாயிறு காலையில் ட்ரேக்களை ஸ்கூட்டரில் ஏற்றி நீயே கொண்டுபோவாய். நானும் வருகிறேன் என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். “வேணாம் டி, செக்யூரிட்டி ஆயிரம் கேள்வி கேப்பாரு. நீ நேத்துல இருந்து நிக்கிற, போய்ப் படு” என்பாய். எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வரும் ட்ரேக்களின் அடியில் ஒரு பிசுபிசுப்பு இருக்கும். பாகு ஒழுகியிருக்கும் என்று நினைத்தேன். அம்மா தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்த்துக் கழுவுவாள்.

பிறகு அந்தத் தண்ணீர் லாரி. பட்டப்பகலில், வேளச்சேரி ரோட்டில். உங்கள் கேட்டுக்கு வெளியே கூட்டத்தோடு நானும் அம்மாவும் நின்றோம். உள்ளே வாங்க என்று யாரும் கூப்பிடவில்லை. எங்களை யாருக்கும் தெரியாது என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. சாவு வீட்டில் யார் யாரைக் கவனிப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

பதினாறாம் நாளுக்கு முந்தின நாள் உன் அம்மா உன் போனிலிருந்து கூப்பிட்டார். “நீதானேம்மா ஜெனி? சேலையூர்ல அவ வாடகைக்கு எடுத்த கிச்சனோட சாவி உன்கிட்டதான் இருக்குமா? அவ சாமான் எல்லாம் எடுத்துக்கணும்.”

எந்தக் கிச்சன் ஆன்ட்டி என்று கேட்க வாயெடுத்தேன். அவர் அழுதார். நேரில் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

படையலில் வைக்கலாம் என்று ஒரு ட்ரே ப்ரெட் பேக் செய்து எடுத்துக்கொண்டு வந்தேன் பூர்ணி. உனக்குப் பிடித்ததை இலையில் வைக்க வேண்டாமா? கேட்டில் செக்யூரிட்டி அண்ணன், “டெலிவரியா? அந்தாண்ட சர்வீஸ் லிஃப்ட் கீது, அதுல போ” என்றார். போனேன்.

உன் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். கீழே வாழையிலையில் ஆட்டுக்கறி, அவித்த முட்டை, வடை, உனக்குப் பிடித்த பால்கோவா. உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “பூர்ணி சொல்லியிருக்கா உன்னப் பத்தி. ஒரு பொண்ணு வருதும்மா, பாத்திரமெல்லாம் பளிச்சுன்னு தேய்ச்சுக் கொடுக்குதுன்னு.”

பாத்திரம் தேய்க்கிற பெண். அவ்வளவுதானா நான்?

மூன்றாவது மாடி ஆன்ட்டி சோபாவில் இருந்தார். கூடுதல் வெல்லப்பாகு வேண்டும் என்று வாரா வாரம் சொல்லியனுப்புவாரே, அவர்தான். என் ட்ரேயைத் திறந்து மோந்து பார்த்து, “அப்படியே பூர்ணி செஞ்ச மாதிரியே இருக்கே! அவகிட்ட கத்துக்கிட்டியாம்மா? அவ கைமணம் யாருக்கு வரும்?” என்றார். “எங்க வம்சத்துக்கே அந்தக் கை உண்டு” என்று உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இரு, அவ பாத்திரத்துலயே மாத்தி வெச்சிடலாம்” என்று உள்ளே போய், நீ கடைசியாகத் திருப்பித் தராத ட்ரேயை எடுத்து வந்தார்.

நான் அதை வாங்கித் திருப்பினேன். அடியில் பளபளவென்று ஒரு ஸ்டிக்கர். பூர்ணிஸ் கிச்சன். பெயருக்கு மேல் ஒரு சின்னக் கரண்டிப் படம்.

நகத்தால் ஓரத்தைக் கிளப்பினேன். கொஞ்சம் கொஞ்சமாக உரிந்து வந்தது. அடியில் கோந்துப் பிசுக்கோடு என் அம்மா இருந்தாள். ச. ரோஸ்லின்.

“யாரும்மா ரோஸ்லின்?” என்றார் உன் அம்மா.

“எங்கம்மா. சேலையூர்ல கிச்சனே இல்ல ஆன்ட்டி. எல்லாம் எங்க வீட்லதான். செஞ்சது நான்.”

பிறகு உன் அம்மா மெதுவாகக் கேட்டார். “உங்க வீடு எங்கம்மா?”

முகவரி கேட்கிற மாதிரி கேட்டு வேறொன்றைத் தெரிந்துகொள்ளும் கேள்வி. பள்ளிக்கூடத்திலிருந்து ஹோட்டல் வரைக்கும் எல்லோரும் என்னிடம் கேட்டது அதைத்தான். தெருவைச் சொன்னேன். மூன்றாவது மாடி ஆன்ட்டி சேலைத் தலைப்பால் உதட்டை ஒற்றிக்கொண்டார்.

உன் அம்மா என் ட்ரேயை எடுத்தார். இலைப் பக்கம் போகவில்லை. வாசல் பக்கம் கொண்டுபோய் செருப்பு ஸ்டாண்டின் மேல் வைத்தார். “சூடு ஆறட்டும்மா, அப்புறம் வெச்சுக்கலாம்” என்றார். அது வரும் வழியிலேயே ஆறிப்போயிருந்தது.

ஆட்டுக்கறி இலையில் இருக்கிறது. முட்டை இலையில் இருக்கிறது. நான் முட்டை ஊற்றிச் செய்தது மட்டும் செருப்புக்கு மேல். அப்படியென்றால் பிரச்சினை முட்டையில் இல்லை, அதை உடைத்த கையில்தான் இருக்கிறது, இல்லையா? உன் அம்மா கெட்டவர் இல்லை பூர்ணி. என் கையைப் பிடித்து நிஜமாகவே அழுதார். வீடு எங்கே என்று கேட்பதற்கு முன்னால்.

உரித்த ஸ்டிக்கரை உன் படத்துக்கு முன்னால் வைத்தேன். அது உன்னுடையது. ட்ரே இரண்டையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்காரர்கள் போகிற லிஃப்டிலேயே இறங்கினேன். கேட்டில் செக்யூரிட்டி அண்ணன் மறித்தார். “இன்னாமா, எடுத்துக்கினு வந்ததைத் திரும்ப எடுத்துக்கினு போற?”

“அவங்களுக்கு வேணாமாம்ணா. நீங்க சாப்பிடுறீங்களா? காலனில செஞ்சது.”

“எங்க செஞ்சா இன்னா, குடு” என்று ஒரு துண்டை வாயில் போட்டார். “ப்ரெட்டா இது? சொம்மா பஞ்சு மாரி கீது!” இன்னொன்றுக்கும் கை நீட்டினார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்தினேன். உன்னைத் திட்டினேன், வாயில் வந்ததையெல்லாம் சொல்லி. அம்மா கேட்டுக்கொண்டே ட்ரேயை வாங்கி எண்ணெய் தொட்டாள்.

“செத்த புள்ளய அப்டிலாம் பேசாத. எனக்கு அப்பவே தெரியும்.”

“என்னம்மா தெரியும்?”

“தேய்ச்சது நான்தானே? பாகுன்னா தண்ணி ஊத்துனா போய்டும். இது கோந்து. ஒருக்கா அந்த ஸ்டிக்கர் துண்டே ஒட்டிக்கினு வந்துச்சு. பிச்சிப் போட்டேன்.”

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீ நிறுத்திடுவ. அந்தப் புள்ளயும் வர்றத நிறுத்திடும். ரெண்டு பேரும் சிரிச்சிக்கினு இருந்தீங்க. பாழாக்குவானேன்னு வுட்டுட்டேன்.”

அந்த வாரம் முழுக்க அம்மாவோடும் நான் சரியாகப் பேசவில்லை. தன் பெயரின் மேல் ஒட்டப்பட்ட காகிதத்தின் கோந்தை வாரா வாரம் தேய்த்தெடுத்தவள், அதை ஒட்டியவளின் தட்டில் வாரா வாரம் குழம்பு ஊற்றியிருக்கிறாள். எனக்கு அந்தப் பெரிய மனசு வேண்டாம். எங்கள் மாதிரி ஆட்கள் பெரிய மனசோடு இருந்தே ஊரில் பாதி பேர் எங்கள் தலையில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள்.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். “ஊர் அப்படி டி. பேரைச் சொன்னா ஒரு ட்ரே போயிருக்காது. ரெண்டு பேருக்காகவும்தான் பண்ணேன்.” இருக்கலாம். ஆனால் என்னிடம் சொல்லியிருக்கலாமே? சேர்ந்து பொய் சொல்வதா வேண்டாமா என்று நானும் முடிவு செய்திருப்பேனே. உங்கள் வீட்டாரிடம் என்னை மறைத்தாய், சரி. என்னிடமிருந்தே என்னை ஏன் மறைத்தாய்?

கேட்க நினைத்த ஒரே கேள்வி இதுதான். பேர் வெட்டிய இடம் சொரசொரப்பாக இருக்கும். ஸ்டிக்கரை வைத்துத் தடவி ஒட்டும்போது, உன் விரலுக்கடியில் அந்த எழுத்து தட்டுப்பட்டிருக்கும். முந்தின நாள் என் அம்மா கையால் சாப்பிட்ட விரல். அப்போது என்ன நினைத்தாய் பூர்ணி?

இங்கத்திய சேதி இதுதான். உங்கள் அபார்ட்மெண்ட் ஆர்டர் மொத்தமாக நின்றுவிட்டது. சுத்தம் பற்றி யாரோ அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்களாம். மூன்றாவது மாடி ஆன்ட்டி மட்டும் தனியாக ஒரு மெசேஜ் போட்டார். “யாருக்கும் சொல்லாம எனக்கு மட்டும் ஒரு பாக்ஸ் கொடும்மா. பேர் எதுவும் இல்லாத டப்பால.” பேர் இல்லாத டப்பா எங்களிடம் இல்லை, சந்திப்புக்கு வந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று எழுதினேன். நீல டிக் விழுந்தது. இன்னும் அவர் வரவில்லை.

ஆமாம், சந்திப்பில்தான் இப்போது கடை. டீக்கடை ஓரத்தில் ஒரு மேஜை. பலகையில் ‘ரோஸ்லின் ப்ரெட் பேக்’ என்று பெயின்டில் எழுதி, கீழே எங்கள் தெருவின் பெயரையும் எழுதியிருக்கிறேன். தெருவைப் படித்துவிட்டு நகர்கிறவர்களை இங்கிருந்தே பார்க்க முடிகிறது. படித்துவிட்டு நின்று வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். இன்று பாதி ட்ரே மிஞ்சியது. போன வாரம் அதைவிட மிஞ்சியது.

உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். மிஞ்சினாலும் கருகினாலும் ஞாயிறு தவறாமல் அந்த மேஜையைப் போடுவேன். பலகையிலிருந்து தெருவை அழிக்க மாட்டேன். நீ எங்கள் வீட்டில் ப்ரெட் வெட்டியதை யார் கேட்டாலும் சொல்வேன், ஸ்டிக்கர் ஒட்டியதையும் சேர்த்தே சொல்வேன். உன் ஓரத் துண்டை எவருக்கும் விற்க மாட்டேன். என் கோபம் ஆறுகிற வாரத்தில் அதை உனக்குப் படைப்பேன். அதுவரை நானே தின்பேன். இன்றைக்குத் தின்றேன், மொறுமொறுவென்று நன்றாகத்தான் இருந்தது.

உன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவள்,
ச. ரோஸ்லினின் மகள்,
உன் ஜெனி.