ஆறாம் நாள் பாட்டை நான் மாற்றிவிட்டேன், அண்ணா

கோபம் வந்தால் மட்டும் என்னை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடும் என் அண்ணாவுக்கு,

இதைப் படித்தால் நீ "வசந்தகுமாரி" என்றுதான் ஆரம்பிப்பாய். அதற்குத் தயாராகத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ போய் இரண்டு வருடத்தில் சொல்ல எவ்வளவோ சேர்ந்து கிடக்கிறது. மாமரம் காய்த்தது, தெருவில் புதுச் சாக்கடை வெட்டியது, எனக்குக் கண்ணாடி மாறியது எல்லாம் இருக்கட்டும். இன்றைக்கு ஒரே ஒரு சேதி. பயமாக இருக்கிறது அண்ணா.

நம் புது ஆல்பம் வந்துவிட்டது. மூன்று வாரம் ஆகிறது. ஒன்பது பாட்டு. 'வாடைக்கொண்டல்' என்ற குழுப் பெயரைத்தான் போட்டோம். இருபத்தாறு வருடம் நீ முன்னால் நின்று பாடிய குழு, நீ இல்லாமல் கொண்டுவந்த முதல் ஆல்பம். கிட்டார் உன் கூட்டாளி அந்துவான் அண்ணன். பறையும் டிரம்ஸும் அதே ஆட்கள். நீ நின்ற இடத்தில் மட்டும் நான். உனக்குப் பின்னால் இரண்டாம் குரல் கொடுத்துக்கொண்டிருந்தவள் மைக்குக்கு நேராக வந்து நின்றேன். பயம் யாருக்கும் தெரியாமல் இருக்கச் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

ரசிகர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்கிறாயா? அதைப் படிக்கத்தான் எனக்குத் தைரியம் இல்லை. காலையில் காபி ஆறிப்போகும் வரை போனைத் திருப்பிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன். பிறகு எடுத்துப் பார்ப்பேன். "அக்கா, உங்க குரல்ல ஒரு நடுக்கம் இருக்கு, அதுதான் அழகு" என்று ஒரு பெண். அதற்குக் கீழேயே ஒருவர்: "அண்ணன் போயிட்டாரு. பேண்டையும் கூடவே அனுப்பியிருக்கலாம்." பிரான்சில் குடியேறிய நம்ம ஊர்க்காரர் ஒருவர் எழுதியிருந்தார், அவருடைய வயதான அப்பா மூன்றாவது பாட்டிலேயே எழுந்து போய் ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டாராம். நல்லபடியாக நின்றாரா, கெட்டபடியாக நின்றாரா? அதை அவர் எழுதவில்லை.

வீட்டுக்கு மின்விசிறி பழுது பார்க்க வந்தவர்கூட ஏணியில் நின்றபடி கேட்டார். "நீங்கதானம்மா அந்தக் குழுவுல பாடறது? பழைய பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம்." புதுசு கேட்டீங்களா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. விசிறி சுற்றியது, அவர் போய்விட்டார்.

இதெல்லாம் தாங்கிக்கொள்ளக்கூடிய பயம். தாங்க முடியாதது வேறு. 'ஆறாம் நாள்' பாட்டைப் புதிதாகப் பதிவு செய்து ஆல்பத்தில் சேர்த்தோம் அண்ணா. அதன் கடைசி அடிகளை நான் மாற்றிவிட்டேன்.

உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதை வேறு யாராவது படித்தால் அவர்களுக்குத் தெரிய வேண்டும். பதினெட்டு வருடத்துக்கு முன் கனகசெட்டிக்குளத்திலிருந்து கடலுக்குப் போன ஒரு படகு திரும்பவில்லை. ஐந்து நாள் தேடினார்கள். ஆறாம் நாள் தேடுவதை நிறுத்தினார்கள். அடுத்த வருடம் நீ அந்த ஊருக்குப் போய், காணாமல் போனவர்களில் ஒருவருடைய மனைவி கஸ்தூரியின் வீட்டு வாசலில் நாள்கணக்கில் உட்கார்ந்து அவள் சொன்னதையெல்லாம் கேட்டாய். அதில்தான் அந்தப் பாட்டு பிறந்தது. கடைசி அடியில் பறையை நிறுத்தச் சொல்லிவிட்டு, வெறும் குரலில் பாடுவாய்.

ஆறாம் நாளு விடிஞ்சிடுச்சி
அடுப்ப மூட்டு தங்கச்சி
வரமாட்டான் வரமாட்டான்
வந்தவங்க சாப்பிடட்டும்.

'தங்கச்சி' என்று வரும்போது என் பக்கம் ஒரு முறை திரும்புவாய். எத்தனை மேடை! ஒரு மேடையிலும் நீ திரும்பாமல் இருந்ததில்லை.

பதிவு செய்யப் போன அன்று மற்ற எட்டுப் பாட்டையும் எப்படியோ பாடிவிட்டேன். இந்த இடம் வந்ததும் நின்றுவிட்டேன். தண்ணீர் குடித்துவிட்டுப் பாடினேன். அதே இடத்தில் நின்றேன். அந்துவான் அண்ணன் "கொஞ்சம் நடந்துட்டு வா" என்றார். நடந்துவிட்டு வந்தும் அதே கதைதான். 'வரமாட்டான்' என்ற சொல் என் வாயிலிருந்து வெளியே வந்துவிட்டால், அது கஸ்தூரி புருஷனோடு நிற்காது என்று தோன்றியது. நீயும் வரமாட்டாய் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அந்தப் பயத்தில், அங்கேயே ஒரு தாளை வாங்கி வேறு எழுதினேன்.

ஆறாம் நாளு விடியும்போது
தூரத்துல ஒரு புள்ளி
வர்றான் பாரு வர்றான் பாரு
வாசலுல நில்லு புள்ள.

அது ஒரே மூச்சில் வந்துவிட்டது. அந்துவான் அண்ணன் தாளை வாங்கிப் படித்துவிட்டுக் கிட்டாரை எடுத்தார். பிறகு ஒரு பேட்டியில் ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டபோது, "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு நம்பிக்கை கொடுக்கணும்னு" என்றேன். பொய் அண்ணா. நம்பிக்கையாவது ஒன்றாவது!

சண்டை முழுக்க இந்த ஒரு பாட்டின் மேல்தான். பழைய ரசிகர்கள் கொதித்துப் போயிருக்கிறார்கள். துரோகம் என்கிறார்கள். நீ இருந்திருந்தால் இப்படி நடக்குமா என்கிறார்கள். கல்லூரிப் பிள்ளைகளோ ஆல்பத்திலேயே இதைத்தான் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். பைக்கில் போகிறவன் பாடிக்கொண்டு போகிறான். பேருந்தில் யாரோ ஒரு பெண்ணின் போன் 'வர்றான் பாரு' என்று அடித்தது. நான் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன்.

இந்த நேரத்தில்தான் குழுவின் எண்ணுக்கு ஒரு சேதி வந்தது. "கனகசெட்டிக்குளம் கஸ்தூரி. உங்கள நேர்ல பாக்கணும்." அவ்வளவுதான். வணக்கம் இல்லை, பாட்டு நல்லா இருக்கு இல்லை. இரண்டு நாள் பதில் போடாமல் இருந்தேன். மூன்றாம் நாள் வீட்டு முகவரியை அனுப்பிவிட்டு, ஏன் அனுப்பினேன் என்று பதறினேன்.

மறுநாளே நம் மூலக்குளத்து வீட்டுக்குப் பேருந்து மாறி மாறி வந்து சேர்ந்தாள். நீ பார்த்தபோது இருபத்து நாலு வயது இருக்கும் அவளுக்கு. இப்போது முன்முடி நரைத்திருக்கிறது. மீன் சந்தையில் வியாபாரம் செய்து மகள் மேகலாவைக் கல்லூரியில் படிக்க வைக்கிறாளாம். கத்துவாள், சாபம் கொடுப்பாள் என்றெல்லாம் நினைத்துக் கதவுப் பக்கமே நின்றேன். அவள் உட்கார்ந்து, கொடுத்த மோரைக் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு மெதுவாகத்தான் பேசினாள்.

"அக்கா, நான் சண்ட போட வரல. ஒண்ணு கேக்கணும், அதான் வந்தேன்."

"கேளும்மா."

"அவரு போனப்புறம் ஊர்ல ஒருத்தர்கூட என் மூஞ்சிக்கு நேரா செத்துட்டாருன்னு சொல்லலக்கா. சர்ட்டிபிகேட்டே ஏழு வருஷம் கழிச்சுத்தான் குடுத்தாங்க. உங்க அண்ணன் பாட்டுலதான் அவரு மொதல்ல செத்தாரு. அதக் கேட்டுட்டுத்தான் நான் வாய்விட்டு அழுதேன். அன்னிக்கித்தான் வயிறாரச் சோறு தின்னேன்."

காலி டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"இப்ப நீங்க அவர திரும்பக் கூட்டியாந்துட்டீங்க. மறுபடியும் நான் எப்பிடிக்கா அனுப்பறது?"

நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? ரசிகர்கள் எழுதிய அத்தனை வசையையும் ஒன்றாகச் சேர்த்தாலும் இந்தக் கேள்விக்கு ஈடாகாது. "நான் பயந்துட்டேம்மா, அந்த வார்த்தைய என்னால பாட முடியல" என்று உண்மையைச் சொன்னேன். முதல் முறையாக ஒரு ஆளிடம் சொன்னேன். "எனக்குத் தெரியும்க்கா. அண்ணன் போனது கேள்விப்பட்டேன்" என்றாள். கிளம்பும்போது, "காலையில கடற்கரப் பக்கம் போனா கண்ணு தானா தேடுது. அந்தப் பழக்கம் விட்டுப் போயிருந்துதுக்கா" என்றாள். அது குற்றச்சாட்டாகக்கூட இல்லை. காய்ச்சல் திரும்ப வந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உழவர்கரையில் ஒரு பள்ளி மைதானத்தில் நமக்குக் கச்சேரி. ஆல்பம் வந்தபின் முதல் மேடை. பழையபடி பாடப் போகிறேன் என்று அந்துவான் அண்ணனிடம் சொன்னேன். அவர் கிட்டாரைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

"வசந்தி, வெளிய பாத்தியா? பாதிக் கூட்டம் அந்த ஒரு பாட்டுக்குத்தான் வந்திருக்குது. அதையும் எடுத்துட்டா நம்மகிட்ட என்னா மிஞ்சும்?"

"எனக்கும் பயமாத்தான் இருக்குது."

"எனக்கு உன்னவிட பயம். அவன் இல்லாம எதுவும் நெலைக்குமான்னு தினமும் பயம். வேற வேலையும் எனக்குத் தெரியாது." சொல்லிவிட்டு மறுபடி சுருதி சேர்க்க ஆரம்பித்தார். "சரி. உன் தொண்ட, உன் இஷ்டம். நான் வாசிக்கிறேன், போ."

பாட்டு ஆரம்பித்ததுமே கூட்டம் எழுந்துவிட்டது. கடைசி அடி வந்தது. பறையை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினேன். "ஆறாம் நாளு விடிஞ்சிடுச்சி" என்று எடுத்தேன். முன்வரிசைப் பிள்ளைகள் அதைக் கவனிக்கவே இல்லை அண்ணா. அவர்கள் பாட்டுக்குப் புது வரியைப் பாடிக்கொண்டு போனார்கள். நான் "வரமாட்டான்" என்கிறேன், எதிரே நூற்றுக்கணக்கான குரல் "வர்றான் பாரு" என்கிறது. என் குரல் எனக்கே கேட்கவில்லை. நிறுத்திவிட்டு இறங்கி ஓடிவிடலாம் போல் இருந்தது. பின்னால் எங்கிருந்தோ ஒருவர் "விடாதம்மா" என்று கத்தினார். "புதுசு பாடு, புதுசு பாடு" என்று இன்னொரு பக்கம். இரண்டாவது "வரமாட்டான்" பாதியில் உடைந்தது. உடைந்த குரலிலேயே முடித்தேன். சிலர் கைதட்டினார்கள். சிலர் ஊளையிட்டார்கள். நாற்காலி நகர்த்திக்கொண்டு கிளம்பியவர்களும் உண்டு. அந்துவான் அண்ணன் நிமிர்ந்து பார்க்காமலே அடுத்த பாட்டுக்குத் தந்தியைத் தட்டிவிட்டார். நல்ல மனுஷன்.

கச்சேரி முடிந்து மேடையின் பக்கப் படியில் இறங்கினேன். கல்லூரி அடையாள அட்டை கழுத்தில் தொங்க ஒரு பெண் நின்றிருந்தாள். அம்மாவின் அதே நெற்றி, பார்த்ததுமே தெரிந்தது. கஸ்தூரியின் மகள் மேகலா. அப்பா போனபோது அவளுக்கு இரண்டு வயது.

"அம்மா வரலீங்க. நான் போன்ல புடிச்சி அனுப்பிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"ரெண்டு பாட்டு ஒண்ணா கேக்குதேன்னாங்க. ஆனா பழசு கேட்டுச்சாம். அது போதும்னாங்க."

மூச்சு வந்தது எனக்கு. ஆனால் அவள் நகரவில்லை. கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நானும் புதுசத்தான் பாடிட்டிருந்தேன் ஆன்ட்டி. முன்னாடி நின்னு." போனை அணைத்தாள். "எனக்கு அவரு மொகமே ஞாபகம் இல்ல. வீட்டுல யாரும் பேச மாட்டாங்க, அம்மா அழும்னு. அந்தப் பாட்டுலதான் அவரு வர்றாரு. அதையும் நீங்க எடுத்துடுவீங்களா?"

பார்த்தாயா அண்ணா? ஒருத்தி அனுப்பிவைத்தவரை நான் அழைத்துவந்தேன். இப்போது பழையபடி பாடினால், இன்னொருத்திக்கு முதல் முறையாக வந்தவரை நான் துரத்துகிறேன். இந்தப் பாட்டு வெறும் பாட்டு என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை. அதன் அர்த்தம் அந்தப் படியில் நின்றபோதுதான் புரிந்தது. அவள் தலையைத் தடவிவிட்டு, "கொஞ்சம் டைம் குடும்மா" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலை கஸ்தூரிக்குப் போன் செய்தேன். சந்தை இரைச்சலில் எடுத்தாள். மேகலா கேட்டதைச் சொன்னேன். மீன் கேட்ட யாரையோ 'அப்பறம் வாங்க' என்று அனுப்பினாள்.

"அவரு எப்பிடி இருப்பாரும்மா? பாட்டுக்கு இல்ல, சும்மா கேக்கறேன்" என்றேன்.

"எப்பிடின்னா... அவ்ளோ பெரிய அலைக்கெல்லாம் பயப்பட மாட்டாருக்கா. நாய்னா பயம். ஒரு நாய் எதிர்ல வந்தா என் பின்னாடி வந்து நிப்பாரு." சொல்லி முடிப்பதற்குள் சிரித்துவிட்டாள். அந்த இரைச்சலிலும் அந்தச் சிரிப்பு கேட்டது. பிறகு, "இதெல்லாம் நான் அவகிட்ட சொன்னதே இல்லக்கா" என்றாள். "சொல்லியிருக்கணும், இல்ல?"

அண்ணா, நீ அந்த வாசலில் உட்கார்ந்து அவர் எப்படிப் போனார் என்று கேட்டாய். எப்படி இருந்தார் என்று நாம் யாருமே கேட்கவில்லை. உன்மேல் குறை சொல்லவில்லை. நீ கேட்டிருந்தாலும் அன்றைக்கு அவளால் சொல்லியிருக்க முடியுமோ, என்னவோ.

நானும் அந்துவான் அண்ணனும் பேசி முடிவு செய்திருக்கிறோம். 'ஆறாம் நாள்' பாட்டை நீ பாடியபடியே மறுபடி பதிவு செய்து, இப்போது இருப்பதை எடுத்துவிடப் போகிறோம். பிள்ளைகள் கொதிக்கப் போகிறார்கள். பழைய ஆட்கள் திருந்திவிட்டாள் என்று எழுதுவார்கள், அதுவும் எனக்கு வேண்டாம். இதோடு குழு கலைந்துபோனாலும் போகும்.

ஆனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை காலை கனகசெட்டிக்குளம் போகிறேன். அந்த இரண்டு பேர் முன்னால் உட்கார்ந்து, உன் வரியை முழுதாகப் பாடுவேன். உனக்காகவும் சேர்த்துத்தான் பாடுவேன். பிறகு கஸ்தூரி சொல்லச் சொல்ல, மேகலா எழுத எழுத, கடலுக்குப் போகாத நாட்களில் அந்த மனுஷன் எப்படி இருந்தார் என்று ஒரு பாட்டுச் செய்வோம். அதில் அவர் சாகவும் மாட்டார், திரும்பி வரவும் மாட்டார். நாயைக் கண்டு பொண்டாட்டி பின்னால் ஒளிந்துகொண்டு இருப்பார். அந்தப் பாட்டை யார் ஏற்றுக்கொள்வார்கள், யார் காறித் துப்புவார்கள் என்று தெரியாது. பயந்துகொண்டேதான் பாடுவேன். பாடாமல் இருக்கமாட்டேன்.

உன் நிழலில் நின்று பாடப் பழகி, இப்போது வெயிலில் நிற்கும்
உன் ஒரே தங்கச்சி,
வசந்தி