பிரிந்து வாழ்பவர்

மார்ச் 4
முதியோர் உதவித்தொகை இந்த மாதமும் பாதிதான். கணவன் மனைவி இருவர் வருமானத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டார்களாம். அவருடைய ஓய்வூதியத்தைப் பராமரிப்பு இல்லம் அப்படியே எடுத்துக்கொள்கிறது. என் கைக்கு என்ன வருகிறது? காற்றுதான்.

மார்ச் 6
அலுவலகத்தில் இரண்டரை மணி நேரம் காத்திருந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் தன்மையாகத்தான் பேசினாள். "ஐயா இல்லத்துல இருக்காருன்னா உங்களைத் தனியாளா கணக்கு வைக்கலாம்மா. முழுத்தொகை வரும். 'பிரிந்து வாழ்கிறோம்'னு டிக் பண்ணி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க."

"நாங்க பிரியலையே."

"ஃபாரத்துல வேற கட்டம் இல்லம்மா."

எழுந்து வந்துவிட்டேன். நாற்பத்தொரு வருஷம்! பக்கவாதம் வந்தது அவருக்கு. எங்கள் கல்யாணத்துக்கு இல்லை.

மார்ச் 9
மகள் போனில், "வெறும் கட்டம்மா அது. வீம்பு பிடிக்காதே" என்றாள். அவளுக்கென்ன, சொல்லிவிட்டாள்.

மார்ச் 13
பஸ் கட்டணம் கட்டுப்படியாகவில்லை. தினமும் இல்லத்துக்குப் போனவள் இப்போது வாரத்துக்கு இரண்டு நாள்தான் போகிறேன். இன்று உள்ளே நுழைந்ததும், "எங்கடி போயிட்டே?" என்றார். பேச்சு குளறினாலும் எனக்குப் புரியும். நேற்று சாயங்காலம் வரை கதவையே பார்த்துக்கொண்டிருந்தாராம், நர்ஸ் சொன்னாள்.

சே! பிரியமாட்டேன் என்று வீம்பு பேசியே பிரிந்துகொண்டிருக்கிறேனா?

மார்ச் 16
ஃபாரத்தைக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். அந்தக் கட்டத்தில் விரலை வைத்துக் காட்டினேன். அவர் வாயின் நல்ல பக்கத்தால் சிரித்தார். "ஜீவனாம்சம்... தரமாட்டேன்." மனுஷனுக்குக் கொழுப்பு இன்னும் குறையவில்லை. இடது கையால் கையெழுத்துப் போட்டார். கோழி கிளறியது போல இருந்தது.

மார்ச் 27
திருப்பி அனுப்பிவிட்டார்கள். கையெழுத்து பழையதோடு ஒத்துப்போகவில்லையாம். முப்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்த அவருடைய வலது கை இப்போது அசையமாட்டேன் என்கிறது. வந்து எழுப்பிவிட்டுப் போங்களேன்!

மார்ச் 30
டாக்டர் சான்றிதழோடு போனேன். அதே பெண். "மேலதிகாரி லீவும்மா. அடுத்த வாரம்—"

"அடுத்த வாரம் வரைக்கும் இங்கேயே உக்காந்திருக்கேன். வீட்டுலதான் யாரும் இல்லையே!"

கத்திவிட்டேன். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். அவள் ஃபாரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வரும்போது அதில் முத்திரை இருந்தது.

ஏப்ரல் 21
முழுத்தொகை. கடிதத்தில் என் பெயருக்குக் கீழே 'பிரிந்து வாழ்பவர்'. இரண்டு முறை படித்தேன்.

ஏப்ரல் 24
தொடர்ந்து மூன்றாவது நாளாகப் போனேன். என்னைப் பார்த்ததும், "நேத்துத்தானே வந்தே?" என்று அலுத்துக்கொண்டார்.

"அதுக்கென்ன இப்போ? நகருங்க, உக்காரணும்" என்றேன்.