லைட் எரிந்தது, வண்டி கிளம்பவில்லை

டீச்சர்,

காலையில் சோப்புப் போட்டுக் கழுவியும் விரல்களில் பெட்ரோல் வாசம் போகவில்லை. நேற்று உங்கள் ஸ்கூட்டரின் பிளக்கைக் கழற்றிய கை. உங்கள் முப்பதாம் நாள் காரியம் முடிந்ததும் மகன் அதை டெம்போவில் ஏற்றிக் காங்கேயத்துக்குக் கொண்டுவந்து என் வாசலில் இறக்கினான். "அம்மா உங்களுக்குத்தான் குடுக்கச் சொன்னாங்க அத்தை. ஓடாதுங்க. சும்மா ஞாபகத்துக்கு வச்சுக்குங்க" என்றான்.

ஒரே பள்ளியில் நீங்கள் கணக்கு, நான் அறிவியல். சிங்காநல்லூரிலிருந்து உங்கள் பின்னால் உட்கார்ந்து போன காலத்தில் வண்டி அடிக்கடி நிற்கும். நீங்கள் பதறியதே இல்லை. ஹாரன் அடிக்கிறதா, லைட் எரிகிறதா, பிளக்கில் பொறி வருகிறதா என்று வரிசையாகப் பார்ப்பீர்கள். "வரிசைய மாத்துனா கணக்கும் வராது, வண்டியும் வராதுங்க டீச்சர்" என்பீர்கள். ஒருமுறை குளத்துப் பக்கம் நின்றபோது நாலைந்து ஆண்கள் கூடிவிட்டார்கள்.

"ஏனுங்கம்மிணி, தள்ளி உடட்டுங்களா?" என்றார் ஒருவர்.

"வேண்டாமுங்க. வெளிச்சத்த மறைக்காம நின்னீங்கன்னா அதுவே பெரிய ஒத்தாசை."

பச்சை பூத்திருந்த ஒயர் முனையைச் சேலை ஊக்கால் சுரண்டினீர்கள். வண்டி கிளம்பியது. முதலில் கைதட்டியவர் அவர்தான்.

அந்த வண்டி போன ஆடியில் கிளம்ப மறுத்தது. முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து நான் இங்கே மகள் வீட்டில் படுத்திருந்தேன். போனிலேயே பழுது தேடினோம்.

"ஹாரன்?" என்றேன்.

"அடிக்குதுங்க."

"லைட்டு?"

"பளிச்சுனு எரியுதுங்க. பிளக்கு புதுசு போட்டும் பொறியக் காணோமுங்க டீச்சர்."

சாவி சுவிட்ச், காயில், எர்த் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தீர்கள். மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள் என்றேன். பழைய வண்டிக்கு ஸ்பேர் கிடைக்காது என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டதாக மகன் வந்து சொன்னான் என்றீர்கள்.

வண்டி நின்றதோடு போகவில்லை. சந்தைக்கும் கோயிலுக்கும் மகனுக்கு எப்போது நேரம் கிடைக்கும் என்று காத்திருந்தீர்கள். "கண்ணு முன்னால இருக்கற பழுது தெரியல. புத்தி மங்கிப்போச்சுங்க" என்றீர்கள். அடுப்பை அணைத்தோமா என்று மருமகளைக் கேட்கத் தொடங்கினீர்கள். தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பேத்திக்குக் கணக்குச் சொல்லித் தருவதையும் விட்டீர்கள். தை பிறப்பதற்குள் படுத்தீர்கள், எழவில்லை.

நேற்று உங்கள் வரிசைப்படியே பார்த்தேன். லைட் எரிந்ததால் அன்று நாம் ஹெட்லைட் மூடியைத் திறக்கவே இல்லை. வேறு இடம் மிச்சமில்லாமல் நேற்றுத் திறந்தேன். நிறம் மங்கிய ஒயர்களுக்கு நடுவே ஒரு துண்டு மட்டும் புத்தம் புதிது. சாவியைத் திருப்பினால் எஞ்சினை நிறுத்துகிற ஒயரை, அது எந்நேரமும் வண்டியின் இரும்போடு சேர்த்துப் பிடித்திருந்தது. வாய்க்காலை மேலேயே வெட்டிவிட்டால் வயலுக்குத் தண்ணீர் எப்படி வரும்? பிளக்குக்குப் போகவேண்டிய மின்சாரம் வழியிலேயே இறங்கிப்போனது. இணைப்பின் மேல் அழகாக டேப் சுற்றியிருந்தது. எந்தப் பழுதும் தனக்குத்தானே டேப் சுற்றிக்கொள்ளாது. துண்டை எடுத்தேன். என் மருமகன் கிக்கரை உதைத்ததும் வண்டி கிளம்பியது.

உங்கள் மகனுக்குப் போன் செய்தேன்.

"ஏப்பா, ஹெட்லைட்டுக்குள்ள புது ஒயர் போட்டது ஆரு?"

"நாந்தானுங்க அத்தை. அந்த ரோட்டுல லாரிக்கு நடுவுல அம்மா எங்கயாச்சும் உழுந்துபோட்டா என்னங்க பண்றது? வண்டிய எடுக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? கெட்டுப்போச்சுன்னா நாலு நாள்ல உட்டுருவாங்கன்னு நெனச்சனுங்க."

"உட்டுட்டாங்கப்பா. எல்லாத்தையும் உட்டுட்டாங்க."

"அம்மாவுக்குத் தெரியுமாங்க அத்தை?"

"தெரிஞ்சிருந்தா உன்னை நல்லா திட்டிப்போட்டு, வண்டிய எடுத்துட்டுப் போயிருப்பாங்க."

அவன் அழுதான். வகுப்பில் அழுத பிள்ளைகள் எவரையும் நான் சமாதானப்படுத்தாமல் அனுப்பியதில்லை. நேற்றுப் போனை வைத்துவிட்டேன்.

அவன் உங்கள் மேல் பாசம் இல்லாதவன் அல்ல. அதுதான் என் கசப்பு. உங்களிடம் சண்டை போட அவனுக்குத் தைரியம் இல்லை. உங்கள் புத்தியையே நீங்கள் சந்தேகப்படுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க மட்டும் தைரியம் இருந்தது. நீங்கள் போட்ட கணக்கில் தப்பே இல்லை, டீச்சர். இதை நீங்கள் ஒருவர் தெரிந்துகொண்டிருந்தால் போதும். இப்போது தெரிந்திருப்பது எனக்கும் அவனுக்கும்.