உறை போட்ட விரல்

ஆரணி,
19-01-2026, திங்கட்கிழமை

அன்பு மகள் இவாஞ்சலினுக்கு,

கர்த்தரின் கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் அவ்வாறே இருப்பாய் என்று நம்புவதாக எழுதுவது வழக்கம். இம்முறை அப்படி எழுத இயலவில்லை. ஆகவே முதலில் சில தேதிகள்.

1. 09-11-2025. வீடியோ அழைப்பில் அறைக்குள்ளேயே கம்பளிக் கையுறை அணிந்திருந்தாய். ஹீட்டர் பழுது என்றாய். நம்பினேன்.

2. 25-12-2025. அம்மா தான் அனுப்பிய மோதிரத்தைப் போட்டுக் காட்டச் சொன்னாள். விரலுக்குப் பெரிதாக இருப்பதாகச் சொன்னாய். வீங்கிய விரலில் அது நுழையவே இல்லை என்பதே உண்மை.

3. 04-01-2026. மூச்சுவிட முடியாமல் ஆறு மணி நேரம் மருத்துவமனையில் கிடந்தாய். அன்று எனக்கு நீ அனுப்பிய செய்தி: "சாப்ட்டேன்ப்பா, தூக்கம் வருது."

4. 05-01-2026. மறுநாளே ஆய்வகத்துக்குப் போனாய்.

5. தேதி தெரியவில்லை. பல்கலைக்கழகப் படிவத்தில் அவசரத் தொடர்புக்கு என் பெயரை அடித்துவிட்டு உன் தோழி இனியாவின் பெயரை எழுதினாய். அந்த இனியா பொங்கலுக்கு வந்து இப்போது இங்கே பக்கத்தில், களம்பூரில் தன் வீட்டில் இருக்கிறாள். உனக்கு ஏதேனும் ஆனால் ஜெர்மனியிலிருந்து களம்பூருக்குத் தொலைபேசி வரும்.

இவையெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்காதே, நானே சொல்கிறேன். சனிக்கிழமை இனியா வந்தாள், அம்மா சபைப் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்தாள். நீ ஆய்வகத்தில் செய்து கொடுத்தனுப்பிய சிப்பை மேசைமேல் வைத்துவிட்டு, எனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணத்தில், "இப்ப அவளுக்கு மூச்சு பரவால்லீங்களா அங்கிள், உங்ககிட்ட இன்னா சொன்னா" என்று கேட்டாள். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. நான் குரலை உயர்த்தவில்லை, ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டேன். கடைசியில், "நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லிடாதீங்க" என்று கெஞ்சினாள். அப்படி எந்த வாக்கும் நான் தரவில்லை. அவள்மேல் கோபப்படாதே, நீ ஜெர்மனிக்குப் போன இந்தப் பதினைந்து மாதங்களில் உன்னைப் பற்றி எனக்கு உண்மை சொன்ன ஒரே ஆள் அவள்தான்.

அந்தச் சிப்பைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். தீப்பெட்டியில் பாதிகூட இல்லாத கண்ணாடித் துண்டு போன்ற பொருளுக்குள் தலைமுடி அளவுக்கு வாய்க்கால்கள் ஓடுகின்றன, இரண்டு வாயில் இரண்டு திரவத்தை ஏற்றினால் உள்ளே சந்தித்து வினைபுரிந்து மூன்றாவது வாயில் வெளிவருகிறது, குடுவையில் ஒரு நாள் நடப்பது அதில் நாலைந்து சொட்டில் முடிகிறது. சாயப்பட்டறையிலிருந்து சிவப்பும் நீலமும் கொண்டுவந்து ஊசியால் ஏற்றிப் பார்த்தேன், வளைவுக்கு வளைவு ஊதாவாகிக்கொண்டே போனது. வேதியியலில் எம்.எஸ்ஸி. படித்துவிட்டு முப்பது ஆண்டுகளாகப் பட்டுநூலுக்குச் சாயம் ஏற்றும் எனக்கு அந்த ஒரு நிமிடம் பெருமையாக இருந்தது, மறுக்கவில்லை. பிறகு கையைக் கழுவினேன். ஒன்பது முறை கழுவினேன்.

ஏனென்றால் மீதியையும் இனியா சொல்லியிருந்தாள். முப்பரிமாண பிரிண்டர், ரெசின் என்ற திரவப் பிசினை ஒளியால் படலம் படலமாக இறுக்கித்தான் சிப்பைக் கட்டுகிறது, வாய்க்காலுக்குள் இறுகாமல் தங்கிய ரெசினை ஆல்கஹாலால் கழுவி எடுக்காவிட்டால் அடைத்துக்கொள்ளும், எல்லாரும் கையுறையோடு கழுவி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள், நீ ஒருத்தி மட்டும் உறையைக் கழற்றி வாய்த்துளையில் வெறும் விரலை வைத்துப் பிசுக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறாய். ஏன் என்று கேட்டால், "எங்கப்பா பட்ட இப்டித்தான் பாப்பாரு" என்றாயாம். உன் சிப்பு ஒன்றுகூட அடைத்ததில்லை என்பதால் யாரும் தடுக்கவில்லை.

நேற்று முழுவதும் உன்மேல் கோபமாக இருந்தேன். இன்று பட்டறையில் நூலைச் சோப்பில் வேகவைத்து, பசை நீங்கியதா என்று ஒரு நூற்கழியை எடுத்து விரலால் உருவியபோது கை அப்படியே நின்றுவிட்டது. கூட வேலை செய்துகொண்டிருந்த பன்னீர்செல்வம், "இன்னா சார், நூல கொதிக்க வுட்டுட்டு எங்க பாத்துகினு நிக்கிறீங்க, பட்டு வேவுதா பருப்பு வேவுதா" என்றான். நாலு கிலோ நூல் பாழ். உனக்கு ஒன்பது வயதில், பள்ளியில் கொடுத்த ரப்பர் உறையை மாட்டிக்கொண்டு இதே தொட்டியருகே வந்து நின்றாய். நான் அதைக் கழற்றி எறிந்து, உறை போட்ட விரலுக்குக் கண் கிடையாது என்று சொன்னேன். சோப்புக்கும் சோடாவுக்கும் சொன்னது. ரெசின் வேறு, அது தோலுக்குள் போய் ஒவ்வாமை உண்டாக்கி உடம்பையே தனக்கு எதிரியாக்கி வைக்கும் என்று படித்தவன் நான். அந்த வாக்கியம் எங்கே முடிகிறது என்று உனக்கு நான் சொல்லவே இல்லை. இன்று எழுத்துமூலமாக அதைத் திரும்பப் பெறுகிறேன்.

இன்னொரு முறை ரெசின் பட்டால் தொண்டை அடைத்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் சொல்லியும், ஆய்வேடு முடிய இன்னும் இருபது சிப்புதான் என்று நீ போய்க்கொண்டிருக்கிறாய். தொண்டையும் ஒரு வாய்க்கால்தான். அது அடைத்தால் கழுவிவிட ஆல்கஹால் கிடையாது, வேறொன்று அச்சடிக்கவும் முடியாது. கைப்பேசி ஒலித்தால் இப்போது களம்பூரிலிருந்தா என்று பார்த்த பிறகுதான் எடுக்கிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீ என்னிடம் செய்ததை நான் அவளிடம் செய்துகொண்டிருக்கிறேன்.

உன் பேராசிரியரிடம் மருத்துவச் சீட்டைக் காட்டு. கழுவும் வேலையை வேறொருவர் செய்யட்டும், நீ வரைபடத்தையும் வினையையும் பார்த்துக்கொள். ஆய்வேடு ஓராண்டு தள்ளிப் போனாலும் போகட்டும். படிவத்தில் என் பெயரைத் திரும்ப எழுது.

கர்த்தர் உன் சுவாசத்தைக் காப்பாராக. இந்தக் கடிதம் தபாலில் வருகிறது, படமாகவும் இன்றே அனுப்புகிறேன். வரும் சனிக்கிழமை, 24-01-2026, நம்மூர் நேரம் மாலை ஆறு மணிக்குள் எழுத்தில் பதில் வேண்டும். தட்டச்சு வேண்டாம், குரல்பதிவு வேண்டாம். தாளில் நீயே எழுது, எழுதிய கையை அந்தத் தாளின்மேல் உறையில்லாமல் விரித்து வைத்துப் படமெடுத்து அனுப்பு. பேனா பிடிக்க முடியவில்லை என்றால் வேறு யாரையாவது எழுதச் சொல், ஏன் முடியவில்லை என்பதையும் எழுதச் சொல். கை மட்டும் உன்னுடையதாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
தே. பவுல்துரை