டைட்டஸ் தொட்ட படங்கள்

3 மார்ச் 2025
பக்கவாதம் வந்ததிலிருந்து டைட்டஸ் வாயில் ஒரே ஒரு சொல்தான் மிச்சம்: "பின்ன". பசித்தாலும் "பின்ன", கோபம் வந்தாலும் "பின்ன". பாதி ஆயுள் மஸ்கட்டில் எலெக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு வந்தவர். அப்போதெல்லாம் போனில் பேச ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டார்.

அயர்லாந்திலிருந்து எங்கள் மகள் பெர்லின் ஒரு டேப்லெட் அனுப்பியிருக்கிறாள். படத்தைத் தொட்டால் அது பேசும். "படிச்சிக் குடுக்கவே வேண்டாம்மா. பாத்தாலே யாருக்கும் புரியும்" என்றாள்.

9 மார்ச்
கிளாஸ் படத்தைத் தொட்டார். "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று ஒரு பெண்குரல். வெள்ளம் கொடுத்தேன். குடித்தார். நான் அழுதேன். அவர் சிரித்தார். அவர் எதற்கும் அழுகிற ஆள் இல்லை.

17 மார்ச்
காலையிலிருந்து வீட்டுப் படத்தையே தொடுகிறார். "நான் வீட்டுக்குப் போக வேண்டும்." வீட்டில்தானே இருக்கிறோம்!
"இதுதான் வீடு. இன்னும் எங்க போணும்?" கத்திவிட்டேன்.

பிறகுதான் அந்தப் படத்தை நானே ஒழுங்காகப் பார்த்தேன். கூரான கூரை. இந்தத் தெருவில் யார் வீடு அப்படி இருக்கிறது? எல்லாம் மொட்டைமாடி.
"சர்ச்சுக்கா?" என்றேன்.
"பின்ன!"

2 ஏப்ரல்
மத்தியானம் மின்னல் படம். "எனக்கு வலிக்கிறது." தலை, நெஞ்சு, வயிறு எல்லாம் தொட்டுத் தொட்டுக் கேட்டேன். மாத்திரையைத் துப்பிவிட்டார். கடைசியில் இடது கையால் மேலே காட்டினார். ஃபேன் நின்றிருந்தது. கரண்ட் இல்லை!
எலெக்ட்ரீஷியனுக்கு மின்னல் வேறென்ன? சிரித்துச் சிரித்து இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் ஜெனோ சிரிக்கவில்லை. "டீச்சர், இது எங்கயோ இருக்க யாரோ வரஞ்ச படம். அவனுக்கு வலி இப்பிடித் தோணியிருக்கு. சாருக்கு ஏன் தோணணும்?"
மின்னலைத் தொட்டால் "கரண்ட் போச்சு" என்று என் குரலிலேயே பதிந்து கொடுத்தான். வலிக்கு, பக்கத்தில் அழுகிற முகம் ஒன்று.

20 ஏப்ரல்
ஈஸ்டர். சர்ச்சில் எல்லாரும் கைகொடுத்தார்கள். எல்லாருக்கும் "பின்ன".

24 மே
நேற்று அடக்கம். எழுத வரவில்லை.

6 ஜூன்
எழுதிவிடுகிறேன்.

தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். ஹாலில் என் குரல்: "கரண்ட் போச்சு." எட்டிப் பார்த்தேன். ஃபேன் ஓடுகிறது.
"கரண்ட் இருக்கே. சும்மா இரிங்க."
மறுபடியும், மறுபடியும். "கரண்ட் போச்சு, கரண்ட் போச்சு." தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் போனேன். சட்டை முழுக்க வேர்வை. விரல் இன்னும் மின்னல் மேல்.
மாரடைப்பு என்றார்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டது.

அழுகிற முகம் பக்கத்திலேயேதான் இருந்தது. ஏன் தொடவில்லை? அழாத ஆளுக்கு அது தன் முகமாகத் தெரியவில்லையா? இல்லை, நெஞ்சில் ஷாக் அடித்த மாதிரியா இருந்தது — ஷாக் எப்படி இருக்கும் என்று தெரிந்த மனுஷன் — இல்ல, என் குரல் அதுலதான இருக்கு, என்னயக் கூப்பிட்டாரா? எனக்கு ஒண்ணும் தெரியல. ஒரு தோசைக்காவ நின்னேனே.

30 ஜூன்
பெர்லின் போனில் அழுதாள். "அந்தச் சாதனத்த நான் அனுப்பியிருக்கண்டாம்." அது இல்லாவிட்டால் சர்ச்சும் இல்லை, அந்த மத்தியானச் சிரிப்பும் இல்லை என்றேன். எனக்கே நான் சொல்லிக்கொண்டது.

19 ஆகஸ்ட்
முட்டத்தில் மீன் விற்றுவந்த தேவகனிக்கும் பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது என்று ஜெனோ சொல்லியிருந்தான். டேப்லெட்டைக் கொண்டுபோனேன். போகும் முன்பே எல்லாப் படத்தையும் அழித்துவிட்டேன்.

அவர்கள் வீட்டுச் சாமான்களையே படம் எடுத்தோம். அவர் தம்ளர், அவர் கட்டில், சுவரில் இருந்த மாதா. குரல் மகள் ரெஜிஷாவுடையது.
"வலிச்சா அம்ம என்ன செய்வா?" என்று கேட்டேன்.
"உதட்டக் கடிச்சிக்கிடுவா டீச்சர்."
தேவகனியே கடித்துக் காட்டினார். அதையும் எடுத்தேன்.

கிளம்பும்போது தம்ளரைத் தொட்டார். "சாயா."
"இப்பந்தான குடிச்ச?" என்றாள் ரெஜிஷா.
தேவகனி தலையை ஆட்டி மறுத்தார். இடது கை மெல்ல எழுந்து என்னைக் காட்டியது.
உட்கார்ந்து குடித்தேன்.